அப்பா உயர்த்திய இடது கை

போன வருடம் ஜூன் மாதம், பள்ளி விடுமுறையின் இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் அப்பாவின் பேச்சு போனது. ஏழரை மணி இருக்கும். நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சமையலறையில் கோப்பை உடையும் சத்தம் கேட்டது. அம்மா "என்னங்க, என்னங்க" என்று இரண்டு முறை கூப்பிட்டார். நான் போய்ப் பார்த்தபோது அப்பா சுவரில் சாய்ந்தபடி தரையில் கிடந்தார். வாயின் வலது பக்கம் கீழே இறங்கியிருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார். சத்தம் வந்தது. சொல் வரவில்லை.

இதைச் சபைக்குச் சாட்சியாக எழுதித் தரச் சொல்லி நம் போதகர் ஐயர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் தள்ளிப்போட்டேன். கர்த்தர் செய்ததை எழுத எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் நான் செய்ததையும் எழுதாமல் அதை எழுத முடியாது. சபையில் என்னை மதிக்கிறவர்கள் பலர். எழுதிய பிறகும் மதிப்பீர்களா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

என் அப்பா மாசிலாமணியை உங்களில் பலருக்குத் தெரியும். பாடற்குழுவின் பின்வரிசையில் வலது ஓரத்தில் நின்று ஐம்பத்தொரு வருடம் பேஸ் பாடியவர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாடற்குழுவில் நான்கு குரல்கள் உண்டு. மேலே பெண்கள் பாடும் சோப்ரானோதான் சபை கேட்கிற மெட்டு. எல்லாவற்றுக்கும் அடியில், நிலம் மாதிரி, ஆண்களின் பேஸ். அதைத் தனியாகக் கேட்டால் பாட்டு என்றே தோன்றாது. கொரோனா சமயத்தில் சேர்ந்து பாடக் கூடாது என்று இருந்த நாட்களில் அப்பா எங்கள் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே தன் பங்கை மட்டும் பாடுவார். ஒரே சுரத்தில் நான்கு அடி, பிறகு ஒரு படி கீழே, பிறகு மறுபடியும் அதே சுரம். "ஏதோ மோட்டார் ஓடுற மாதிரி இருக்குங்க" என்பார் அம்மா. "நீ உன் மனசுக்குள்ள மிச்ச மூணு பேரையும் போட்டுக்கோ, சரியா இருக்கும்" என்பார் அப்பா.

அவர் மலேசியாவின் ஜோகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. பத்தொன்பது வயதில் சிங்கப்பூர் வந்து கப்பல் பட்டறையில் துருச் சுரண்டும் வேலைக்குச் சேர்ந்தார். இங்கே அவருக்கு யாரையும் தெரியாது. ஒரு டிசம்பர் சாயங்காலம் தேக்கா கடைத்தெருவில் சாப்பிட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தபோது, ஒரு வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்று பாடுவதைக் கேட்டார். நம் சபையின் கிறிஸ்துமஸ் பாட்டுக் குழு. அடுத்த வீட்டுக்கும் அதற்கடுத்த வீட்டுக்கும் அவர்கள் பின்னாலேயே போனார். ஆறாவது வீட்டில் ஓரத்தில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்து, "சும்மா நிக்காதீங்க தம்பி, வாயத் தொறங்க" என்றாராம். அவர் பேஸ் பாடுகிறவர். அதனால் அப்பாவும் பேஸ் ஆனார். இதற்கு மேல் அந்தக் கதையில் ஒன்றும் இல்லை என்று அப்பா சொல்வார். ஆனால் அவர் வாழ்க்கையில் எல்லாமே அதற்குப் பிறகுதான். ஞானஸ்நானம், கல்யாணம், நண்பர்கள், சனிக்கிழமைகள். சனிக்கிழமை மாலை நான்கு மணிப் பயிற்சிக்காகப் பட்டறையில் கிடைக்கவிருந்த ஃபோர்மேன் வேலையை வேண்டாம் என்றவர். சனிக்கிழமை ஷிஃப்ட் வரும் என்றார்களாம்.

கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து நான் பிறந்தேன். அம்மாவும் பள்ளிக்கூடம் போகாதவர். எங்கள் குடும்பத்தில் எழுத்தறிந்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். இன்று கட்டடப் பொறியாளராக இருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையைக் கர்த்தரிடம் ஒளிக்கவில்லை, உங்களிடமும் ஒளிக்கவில்லை. ஆனால் அது எனக்குள் வேறொன்றாகவும் வளர்ந்திருந்தது. அது எனக்குத் தெரியாமல் இருந்தது.

சிறுவயதில் சனிக்கிழமைகளில் எனக்கு டியூஷன். அதனால் அப்பாவின் பயிற்சிக்கு நான் போனதே இல்லை. கொரோனா கட்டுப்பாடுகள் போய்ப் பாடற்குழு மறுபடி கூடியபோதுதான் சேர்ந்தேன். சோப்ரானோ. ஆள் குறைந்திருந்தது. சில மாதங்களிலேயே என்னைச் செயலாளராக்கினார்கள். நான் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினேன். ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு. சுரக் குறிப்போடு அச்சிட்ட தாள்கள். கேட்டுக் கேட்டுப் பழகுவதை விட்டு, பார்த்துப் பாடும் முறை. குழுத் தலைவர் டேனியல் அண்ணனுக்கும் அது பிடித்திருந்தது.

அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது என்பது எனக்கு எட்டு வயதிலிருந்தே தெரியும். புதுப் பாட்டு வந்தால் என்னை வாசிக்கச் சொல்வார். இரண்டு முறை வாசித்தால் போதும், பிறகு சாகும்வரை மறக்க மாட்டார். குழுவில் வேறு யாருக்கும் அது தெரியாது என்றே நினைத்திருந்தேன். எல்லாரையும் போலவே அவரும் புத்தகத்தைத் திறந்து கையில் வைத்துக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை டேனியல் அண்ணன், புதுப் பாட்டின் உச்சரிப்பு சரியாக வர வேண்டும் என்று, ஆளுக்கு ஒரு வரியாகச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். முன்வரிசையில் தொடங்கிப் பின்வரிசைக்கு வந்தது. அப்பாவின் முறை வந்தது. அவர் தாளைப் பார்த்தார். இருமினார். "கண்ணாடி கொண்டு வரல" என்றார்.

கண்ணாடி அவர் மூக்கின் மேல் இருந்தது.

புதிதாய் வந்த இருவர் சிரித்துவிட்டார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, அடக்க முடியாத சிரிப்பு. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். எனக்குக் காது மடல் வரை சுட்டது.

வீட்டுக்குப் போகும் ரயிலில் சொன்னேன். "அப்பா, போதும்ப்பா. இனிமே நீங்க பெஞ்சுல உட்கார்ந்து கேளுங்க."

"நான் எங்கயாச்சும் தப்பாப் பாடுறேனா பிரிசி?"

"பாட்டுல ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் மானம் போகுது."

அவர் ஜன்னலைப் பார்த்தார். சுரங்கத்தில் ஜன்னலில் பார்க்க ஒன்றும் இல்லை. "சரிம்மா" என்றார்.

அடுத்த வாரம், அப்பாவுக்கு முழங்கால் வலி, இனி நின்று பாட முடியாது என்று குழுவில் நானே சொன்னேன். பொய். ஒருவர் மட்டும் நம்பவில்லை. முதல் வரிசையில் முப்பது வருடம் சோப்ரானோ பாடிய ரோஸ்லின் ஆன்ட்டி. தேக்கா சென்டர் மாடியில் தையல் கடை வைத்திருக்கிறவர். "அப்பாவக் கீழ உட்கார வச்சிட்டு நீ மேல நின்னு பாடப் போறியா? பாடு, பாடு" என்றார். அதன்பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

அப்பா ஒரு வருடத்துக்கும் மேலாக ஞாயிறுதோறும் அம்மாவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். சபை முழுவதும் மெட்டைப் பாடும். அவருக்கு மெட்டுப் பாடி வழக்கமில்லை. உதட்டை மட்டும் அசைப்பார். மேலே நின்ற எனக்கு அது நன்றாகத் தெரியும். நான் தாளைப் பார்த்துப் பாடிக்கொண்டிருப்பேன்.

பிறகுதான் அந்த ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை.

மூன்று வாரம் மருத்துவமனை. பிறகு சில வாரம் மறுவாழ்வுப் பயிற்சி மருத்துவமனை, அதன்பின் வீடு. வலது கை, வலது கால் இரண்டும் போய்விட்டன. நாம் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரிகிறது, ஆனால் சொற்கள் வெளியே வரும் வழி அடைபட்டுவிட்டது என்று மருத்துவர் சொன்னார். அவரிடம் மிஞ்சியது ஒரே சொல். "அதான்." தண்ணீர் வேண்டுமா, அதான். வலிக்கிறதா, அதான். பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனப் பெரியவர் அது அவருடைய பெயர் என்றே நினைத்துவிட்டார். தினமும் காலையில் "குட் மார்னிங், அதான்" என்பார். அப்பாவும் தலையாட்டி "அதான்" என்பார். அம்மாவும் நானும் அதற்குச் சிரித்தோம். அந்த மாதத்தில் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

பேச்சுப் பயிற்சியாளர் ஓர் இளம் பெண். அப்பா பாடகர் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. பேச முடியாத சிலரால் பாட முடியும், பாட்டு மூளையில் வேறு வழியாக வரும் என்றார். எனக்கு ஒரு முறை சொல்லித் தந்தார். அவருக்கு எதிரில், முகம் பார்த்து உட்காருங்கள். அவருக்கு மிகவும் பழக்கமான ஒரு பாட்டைப் பாடுங்கள். வரி முடிவதற்கு முன் நிறுத்துங்கள். கடைசிச் சொல்லை அவரே பாடி முடிப்பார். முதல் ஆறு மாதம் ரொம்ப முக்கியம், விட்டுவிடாதீர்கள்.

நான் விடவில்லை. ஜூலை மாதத்திலிருந்து ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். அவர் ஆயிரம் முறை பாடிய பாட்டுகளை எடுத்தேன். பாடி, கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்துவேன். காத்திருப்பேன்.

அப்பா கண்ணைத் தாழ்த்துவார். மடியிலிருந்து இடது கையை மெதுவாக உயர்த்துவார். உள்ளங்கை என் பக்கம் பார்த்திருக்கும். அவ்வளவுதான்.

முதல் நாளே எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். போதும். நிறுத்து. போ.

மறுநாளும் அதே கை. அடுத்த வாரமும் அதே. வேறு பாட்டு எடுத்தாலும், நம் குழுவின் பழைய ஒலிப்பதிவைப் போட்டு நடுவில் நிறுத்தினாலும், அதே கை. பயிற்சியாளர், சிலருக்கு இது பலிப்பதில்லை, வருத்தப்படாதீர்கள் என்றார். அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இந்த மனிதரின் வாயிலிருந்து பாட்டைப் பிடுங்கியவள் நான். இப்போது நானே வந்து பாடு பாடு என்கிறேன். அவர் மாட்டேன் என்கிறார். அவரிடம் மிஞ்சியிருந்த ஒரு கையால் அதைச் சொல்கிறார்.

செப்டம்பர் மாதம் ஒரு நாள் பொறுமை இழந்தேன். "என்னப் பார்க்கப் பிடிக்கலன்னா நேரா சொல்லுங்கப்பா. இப்படிக் கையக் காட்டாதீங்க" என்றேன். பேச முடியாதவரைப் பார்த்து, நேராகச் சொல்லுங்கள் என்றேன். அப்பா அழுதார். ஒரு பக்க முகம் மட்டும் அழுதது. கை உயர்ந்தே இருந்தது.

"என்னடி பேசுற அவர்கிட்ட? மனுஷியா நீ?" என்று அம்மா என்னை எழுப்பி வெளியே தள்ளினார். ரயிலில் நடந்தது அம்மாவுக்கும் தெரியாது. அப்பா சொல்லவில்லை. முழங்கால் வலி என்று அம்மாவிடமும் அதே பொய்யைச் சொல்லி என்னைக் காப்பாற்றியிருந்தார்.

சபையில் நீங்கள் எல்லாரும் ஜெபித்தீர்கள். எனக்கு நன்றாகத் தெரியும். ஆராதனை முடிந்து ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்து, "பேச்சு வந்துரும், விசுவாசமா இரும்மா" என்றீர்கள். ஒவ்வொரு கையும் எனக்குச் சுட்டது. காரணம் தெரிந்தால் என் கையைப் பிடிப்பீர்களா என்று நினைத்துக்கொள்வேன். பாடற்குழுவுக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்தால் பாட வாய் வராது. உதட்டை அசைப்பேன். வீட்டிலும் ஜெபிக்க முடியவில்லை. ஜெபிக்கத் தொடங்கினால் ஒரே எண்ணம் வரும்: இது நியாயமான தண்டனைதான், தப்பான ஆளின் மேல் விழுந்துவிட்டது.

அக்டோபர் மாதக் கடைசியில் பேச்சுப் பயிற்சியை வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். முன்னேற்றம் இல்லாதவர்களுக்கு அப்படித்தானாம். அன்று வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து வந்தவள் மேலே போகாமல், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள கல் மேசையில் உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் இரண்டு பேர் செக்கர்ஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணை மூடவில்லை. தலையைக் குனியவும் இல்லை. மனசுக்குள் சொன்னேன்: கர்த்தாவே, பேச்சைக் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன். இனி அதைக் கேட்கவில்லை. அவர் என்னை வெறுத்தபடியே போய்விடக் கூடாது. அது ஒன்றுதான். மற்றதை நீர் பார்த்துக்கொள்ளும்.

பதில் எதுவும் வரவில்லை. மனசு லேசாகவும் இல்லை. எழுந்து மேலே போனேன். அன்று நான் அவருக்கு எதிரில் உட்காரவில்லை.

மறுநாள் காலையில் அம்மா, "தேக்காவுக்குப் போய் வவ்வால் மீன் வாங்கிட்டு வா. அப்படியே ரோஸ்லின் கடையில அப்பா பேன்ட்டு ரெண்டு கொடுத்திருக்கேன், வாங்கிட்டு வந்துரு" என்றார்.

"நீங்களே போங்கம்மா."

"நான் போனா அவர யாரு தூக்கி உட்கார வைக்கிறது? உன் தாத்தாவா வருவாரு? போயிட்டு வா."

மீனை வாங்கிக்கொண்டு மாடி ஏறினேன். ரோஸ்லின் ஆன்ட்டி கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு ஜாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"உட்காரு."

"இல்ல ஆன்ட்டி, பையில மீன் இருக்கு."

"மீன் செத்துதானே இருக்கு. எங்கயும் ஓடிராது. உட்காரு லா."

உட்கார்ந்தேன். பேன்ட்டுகளை மடித்து என் மடியில் வைத்தார். "இடுப்புல மூணு இன்ச் பிடிச்சிருக்கேன். மூணு இன்ச், பிரிசி. அந்த மனுஷன் சாப்பிடுறாரா இல்லையா?"

"கஞ்சி குடிக்கிறார்."

"பாடுறாரா?"

அந்த ஒரு கேள்வியில் நான் உடைந்துபோனேன். ரயிலில் தொடங்கி, முழங்கால் பொய், தினசரிப் பயிற்சி, எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை, என்னோடு பேசாத ஒருவரிடம் சொன்னேன். ரவிக்கை வாங்க வந்த ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். கடைசியில், "நான் பாடினா கையக் காட்டி நிறுத்துறார் ஆன்ட்டி. நாலு மாசமா. என்னப் போ போன்னு சொல்றார்" என்றேன்.

"எப்படிக் காட்டுறாரு? செஞ்சு காட்டு."

இடது கையை உயர்த்திக் காட்டினேன்.

"அவரு காட்டினப்புறம் நிறுத்துவியா, நிறுத்தினப்புறம் அவரு காட்டுவாரா?"

யோசித்தேன். "நான் நிறுத்தினப்புறம்."

ரோஸ்லின் ஆன்ட்டி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அதற்கு முன் அவர் கண் கலங்கி நான் பார்த்ததே இல்லை.

"உனக்குத் தெரியாது பிள்ள. நீ வந்தப்போ தாளு வந்துருச்சு, கோப்பு வந்துருச்சு, பழசெல்லாம் போயிருச்சு. அப்போ எல்லாம் காதுலதான் பழகுவோம். தப்பு நெறைய வரும். நீ தப்பாப் பாடிட்டன்னா சத்தம் போடாம கையத் தூக்கணும். 'தப்பு என்னோடது, மத்தவங்க சரி'ன்னு அர்த்தம். லீடர் பார்த்துப்பாரு, பாட்டு நிக்காது. பாட்டு நின்னுருச்சுன்னா, யாரோ தப்பு பண்ணிட்டு இன்னும் கை தூக்கலன்னு அர்த்தம். உங்க அப்பா எப்பவுமே முதல் ஆளாத் தூக்கிருவாரு. அவரு தப்பா இருக்காது, பக்கத்துல நிக்கிறவன் தப்பா இருக்கும். அப்பவும் தூக்குவாரு."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ அவரு முன்னால உட்கார்ந்து பாடுற. பாட்டு நிக்குது. அவரு என்ன நெனப்பாரு? அவரு போன்னு சொல்லல பிரிசி. மன்னிப்புக் கேட்கறாரு."

நான்கு மாதம். நாளுக்கு எத்தனை முறை நிறுத்தினேன் என்று எனக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் என் அப்பா, தப்பு என்னுடையது என்று என்னிடம் சொன்னார். நான் அவரைத் திட்டிய அன்றும் அதையேதான் சொன்னார். என் மடியில் அவருடைய பேன்ட். மீன் பையிலிருந்து தண்ணீர் சொட்டி என் செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது. தேக்காவின் சனிக்கிழமைக் கூட்டத்தில், தொங்கும் ரவிக்கைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு ஆறுதலாக இல்லை. அதற்கு முந்தைய நாளைவிடக் கொடுமையாக இருந்தது. அவர் என்னை வெறுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ரோஸ்லின் ஆன்ட்டி முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "அழுது முடிச்சிட்டியா? மீனு நாறுது. நாலு மணிக்குப் பயிற்சிக்கு வா. நானும் வரேன்."

அன்று மாலை ஃபேரர் பார்க்கில், சபையின் பின்னறையில், குழுவுக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது என்பதையும் சொன்னேன். பேஸ் பாடும் தங்கராஜ் அங்கிள், "அது எங்களுக்கு முப்பது வருஷமாத் தெரியும்மா" என்றார். "அவரு பக்கத்தத் திருப்பலன்னா நாங்க திருப்பி விடுவோம்." டேனியல் அண்ணன் தரையைப் பார்த்தார். பிறகு, "அன்னைக்கு வாசிக்கச் சொன்னது நான்" என்றார்.

மறுநாள் ஆராதனை முடிந்து ஏழு பேர் தெம்பனிஸில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் மூன்றறை வீட்டின் கூடத்தில் ஏழு பேர் என்றால் நடக்க இடமிருக்காது. அம்மா ஒரு பெரிய சட்டி நிறைய பீஹூன் சேமியா பிரட்டி வைத்திருந்தார். "எல்லாரும் உட்காருங்க, முதல்ல சாப்பிடுங்க."

"உட்கார்ந்தா பாட முடியாது அக்கா" என்றார் ரோஸ்லின் ஆன்ட்டி. பிறகு மற்றவர்களிடம் திரும்பினார். "யாரும் அவரு எதிர்ல நிக்காதீங்க. மூஞ்சியப் பார்க்காதீங்க. குழுவுல எப்படி நிப்போமோ அப்படி. என்ன ஆனாலும் நிறுத்தாதீங்க."

அப்பாவின் சக்கர நாற்காலியைத் தொலைக்காட்சிப் பக்கம் திருப்பினோம். டேனியல் அண்ணன் மட்டும், பயிற்சியில் தலைவர் நிற்பதுபோல், தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றார். மற்றவர்கள் அப்பாவின் இரு பக்கமும் பின்னாலும். தங்கராஜ் அங்கிள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தன் தோளை அப்பாவின் தோளோடு ஒட்ட வைத்துக்கொண்டார்.

பாட்டு தொடங்குவதற்கு முன், நான் அப்பாவின் இடது பக்கம் வந்து நின்றேன். அவர் பார்க்கும்படி என் கையை உயர்த்தினேன். "அப்பா, தப்பு என்னோடது" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மெதுவாகத் தன் இடது கையை எடுத்து என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்துக் கீழே இறக்கினார். நாற்காலியின் கைப்பிடியில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டார். எடுக்கவில்லை.

நான் வெள்ளிக்கிழமை கேட்டது அதுதான். ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது.

முதல் பாட்டு முடிந்தது. அப்பாவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. இரண்டாவது பாட்டும் அப்படியே. அம்மா சமையலறை வாசலில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார். போதும், எல்லாரும் சாப்பிடட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். "எடு, எடு, அடுத்தது" என்றார் ரோஸ்லின் ஆன்ட்டி. மூன்றாவது பாட்டு. முதல் சரணம் போயிற்று. இரண்டாவது சரணம் போயிற்று. மூன்றாவது சரணத்தின் நடுவில் நாற்காலிக் கைப்பிடி என் உள்ளங்கைக்குக் கீழே அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் காதில் கேட்டேன். ஒரே சுரம், நான்கு அடி. ஒரு படி கீழே. மறுபடியும் அதே சுரம்.

முதலில் வெறும் முனகல். பிறகு சொற்கள். அரைகுறையாய், ஒரு பக்க வாயால், ஆனால் சொற்கள். ஐந்து மாதமாக ஒரே ஒரு சொல்லைத் தவிர எதுவும் வராத வாயிலிருந்து, அந்தப் பாட்டின் கடைசி இரண்டு வரிகள் முழுவதும் வந்தன. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் நிறுத்தவில்லை. எனக்கு மெட்டே வரவில்லை. மற்றவர்கள் பாடினார்கள்.

பாட்டு முடிந்தது. அம்மா ஓடி வந்து அவர் முன்னால் மண்டியிட்டு, "என்னங்க, ஏதாச்சும் சொல்லுங்க" என்றார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். வாய் திறந்தது.

"அதான்" என்றார்.

அம்மாவின் தலை குனிந்தது. ரோஸ்லின் ஆன்ட்டிதான், "அதான் அதான். டேனியல், அடுத்த பாட்டு எடு" என்றார். அப்பா சிரித்தார். எதிர்வீட்டுச் சீன அங்கிள் எங்கள் இரும்புக் கிரில் கதவுக்கு வெளியே வந்து நின்று, "வாவ், கிறிஸ்மஸ் ஆல்ரெடி ஆ?" என்றார். அன்று ஒன்பது பாட்டு. ஏழில் அப்பாவின் குரல் இருந்தது.

அன்புள்ள சகோதர சகோதரிகளே, இதற்குப் பிறகு அப்பா பேசத் தொடங்கிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் பேசவில்லை. ஆட்களோடு சேர்ந்து நின்றால் பாடுகிறார். பாட்டு நின்றதும் சொற்களும் நின்றுவிடுகின்றன. தண்ணீர் வேண்டும் என்பதை இன்னமும் கண்ணால்தான் காட்டுகிறார். இந்த வருடத் தொடக்கத்தில் நிமோனியா வந்து மூன்று வாரம் படுத்தார். அப்போது பாட்டும் இல்லை. இந்த முறை அவ்வளவுதான் என்று அம்மாவும் நானும் தனித்தனியே நினைத்து, ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் இருந்தோம். கர்த்தர் மீட்டுக் கொடுத்தார். எத்தனை நாளைக்கு என்று தெரியாது. பேச்சு இனி வருவது கடினம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

நான் மாறியிருக்கிறேன் என்று அம்மா சொல்கிறார். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. ஒன்று தெரியும். குழுவில் இப்போது புதுப் பாட்டுகளை முதலில் காதால் பழகுகிறோம், தாள் பிறகு வருகிறது. தப்பு வந்தால் கை தூக்குகிறோம். போன மாதம் மட்டும் நான் பதினோரு முறை தூக்கினேன். படித்தவளுக்கே இத்தனை தப்பா என்று கிண்டலடித்தபடி ரோஸ்லின் ஆன்ட்டி அதை விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருக்கிறார்.

இதை வாசிக்கிறவர்களில், வீட்டில் வாய் பேசாமல் படுத்திருக்கும் ஒருவரோடு தினமும் போராடுகிறவர்கள் இருக்கலாம். கர்த்தர் கேட்கவில்லை என்று நினைக்கிறவர்கள் இருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் கேட்டது நான் கேட்பதற்கு முன்பே என் கண்ணெதிரில் உயர்ந்திருந்தது, எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. அதனால் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், ஜெபத்தை விடாதீர்கள். கண்ணை மூட முடியாத நாளில் கண்ணைத் திறந்தபடியே ஜெபியுங்கள். தனியாகச் சுமக்காதீர்கள், யாரிடமாவது சொல்லிவிடுங்கள். வேண்டுமானால் எங்களைக் கூப்பிடுங்கள். ஏழெட்டுப் பேர் வந்து உங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று பாடுவோம். கூடம் சிறியதானாலும் பரவாயில்லை.

எங்களுக்காகவும் ஜெபியுங்கள். என் அப்பா இன்னும் ஒரு முறைகூட என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒவ்வொரு காலையிலும் அவர் அறைக்குள் போகும்போது காத்திருக்கிறேன். அவர் என்னைப் பார்த்து "அதான்" என்கிறார். ஸ்தோத்திரம் என்று சொல்லி ஜன்னலைத் திறக்கிறேன்.